கிராஸ்ஓவர் ஆம்புக்கு முன்னால்: பாசிவ் போதுமா, ஆக்டிவ் வேண்டுமா?

ஒலியை அதிர்வெண் வாரியாகப் பிரித்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அதற்குரிய பங்கை அனுப்பும் வடிகட்டிதான் கிராஸ்ஓவர். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதைச் சப்-வூஃபருக்கு விட்டுவிட்டு, மீதியை மட்டும் ஒரு 8 ஓம் ஸ்பீக்கருக்கு அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஸ்பீக்கர் வயரில் கெபாசிட்டர் போட்டால் ஏறத்தாழ 250 மைக்ரோ ஃபாரட் வேண்டும். அதுவும் கணக்குப்படி வேலை செய்யாது. 8 ஓம் என்று அச்சிட்ட வூஃபர் தன் ஒத்ததிர்வுப் பகுதியில் 30, 40 ஓம் வரை ஏறிவிடும். கட்-ஆஃப் (வெட்டு தொடங்கும் அதிர்வெண்) எங்கோ போய் நிற்கும். அதே வேலையை பவர் ஆம்புக்கு முன்னால், லைன் லெவலில் (ஆம்ப் பெருக்குவதற்கு முந்தைய சிறு சிக்னலில்) செய்தால் 0.22 மைக்ரோ ஃபாரட்டும் ஒரு ரெசிஸ்டரும் போதும். ஆம்பின் உள்ளீடு ஸ்பீக்கரைப் போல அதிர்வெண்ணுக்கு ஏற்ப ஆட்டம் போடாது. லைன் லெவல் கிராஸ்ஓவரின் முழு ஈர்ப்பும் இதில்தான் இருக்கிறது.

விலையும் உண்டு. ஒவ்வொரு டிரைவருக்கும் (பெட்டிக்குள் இருக்கும் தனித்தனி ஒலிப்பான்) தனி ஆம்ப் சேனல் வேண்டும். ஸ்டீரியோ டூ-வே (தாழ் ஒலிக்கு வூஃபர், உயர் ஒலிக்கு ட்வீட்டர்) என்றால் நான்கு சேனல். கடையில் வாங்கிய ஸ்பீக்கராக இருந்தால் உள்ளே இருக்கும் கிராஸ்ஓவர் போர்டைக் கழற்றி, டிரைவர்களுக்கு நேராக வயர் இழுக்க வேண்டும். பின்பக்கம் நான்கு டெர்மினல் இருப்பதை வைத்துப் பலர் ஏமாறுகிறார்கள். அந்த இணைப்புத் தகட்டைக் கழற்றினாலும் உள் கிராஸ்ஓவர் அப்படியே இருக்கும். வெளியே இன்னொன்றைச் சேர்த்தால் ஒலி இரண்டு முறை வடிகட்டப்படும்.

இதுவரை சம்மதம் என்றால் அடுத்த கேள்வி: ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் மட்டும் உள்ள பாசிவ் வடிகட்டியா, ஓப்-ஆம்பும் (சிறு பெருக்கி ஐசி) பவர் சப்ளையும் உள்ள ஆக்டிவ் வடிகட்டியா? "சிக்னல் பாதையில் சிலிக்கான் குறைந்தால் ஒலி சுத்தம்" என்ற நம்பிக்கையில் பலர் பாசிவ் பக்கம் சாய்கிறார்கள். முடிவெடுக்க வேண்டிய இடம் அதுவல்ல. வடிகட்டிக்கு முன்னால் இருக்கும் கருவியின் வெளியீட்டு இம்பீடன்ஸ் (ஏசி சிக்னலுக்கான மின்தடை), பின்னால் இருக்கும் ஆம்பின் உள்ளீட்டு இம்பீடன்ஸ், உங்கள் டிரைவர்களுக்குத் தேவையான சரிவு (கட்-ஆஃபைத் தாண்டியதும் ஒலி எவ்வளவு வேகமாகக் குறைகிறது) ஆகிய மூன்றும்தான் தீர்மானிக்கின்றன.

முதலில் இரண்டு எண்களை அளந்துவிடுங்கள்

ஆம்பின் உள்ளீட்டு இம்பீடன்ஸை விவரக்குறிப்பில் பார்த்து நம்ப வேண்டாம். டிபிஏ3116 சிப் உள்ள கிளாஸ்-டி போர்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கெயினை 20 டெசிபலில் வைத்தால் சிப்பின் உள்ளீடு 60 கிலோ ஓம், 26-இல் 30, 32-இல் 15, 36-இல் வெறும் 9 கிலோ ஓம். கெயினை முடிவு செய்வது போர்டில் உள்ள இரண்டு சின்ன ரெசிஸ்டர்கள். ஒரே மாதிரி தெரியும் இரண்டு போர்டுகளில் அவை வேறாக இருக்கலாம். வால்யூம் கன்ட்ரோலோ ப்ரீஆம்ப் ஐசியோ முன்னால் இருந்தால் இந்தக் கணக்கே மாறிவிடும்.

அளப்பது எளிது. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, கணினியிலிருந்து 200 ஹெர்ட்ஸ் டோன் கொடுங்கள். சாதாரண மல்டிமீட்டர்கள் சில நூறு ஹெர்ட்ஸைத் தாண்டினால் ஏசி வோல்ட்டைத் தவறாகக் காட்டும் என்பதால்தான் 200. ஆம்ப் உள்ளீட்டில் 500 மில்லிவோல்ட் வருகிறது என்று வையுங்கள். இப்போது சிக்னல் வயரில் தொடராக ஒரு 47 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டு, ஆம்ப் பக்கத்தில் மறுபடி அளக்கவும். 195 மில்லிவோல்ட் என்றால், 47 × 195 ÷ (500 − 195). விடை 30 கிலோ ஓம். டிஏசி (டிஜிட்டல் ஒலியை அனலாக் சிக்னலாக்கும் கருவி) அல்லது ப்ரீஆம்பின் வெளியீட்டை அளக்க எதிர்வழி: சும்மா இருக்கும்போது 1.00 வோல்ட், 1 கிலோ ஓம் ரெசிஸ்டரைக் குறுக்கே போட்டதும் 0.83 வோல்ட் என்றால் வெளியீட்டு இம்பீடன்ஸ் சுமார் 205 ஓம்.

பாசிவ் வடிகட்டிக்குக் கைக்கணக்கு இது: வடிகட்டியின் ரெசிஸ்டர், முன்னால் உள்ள கருவியின் இம்பீடன்ஸைப் போல் பத்து மடங்காவது இருக்க வேண்டும், பின்னால் உள்ள ஆம்பின் இம்பீடன்ஸில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. ஒரு படி (ஒரு ரெசிஸ்டர், ஒரு கெபாசிட்டர்) வடிகட்டிக்கு இந்த இடைவெளி கிடைத்துவிடும். இரண்டு படிக்கு இடம் நெருக்கும். மூன்றாவது படியை யோசிக்கவே வேண்டாம்.

கட்-ஆஃபுக்கு மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய எண் 1,59,155. அதை கிலோ ஓம் × நானோ ஃபாரட் பெருக்கலால் வகுத்தால் ஹெர்ட்ஸ் கிடைக்கும்.

பாசிவ் வெல்லும் இடம்

சப்-வூஃபரோடு சேரும் சின்ன ஸ்பீக்கர்களுக்கு ஒரு படி ஹை-பாஸ் (தாழ் அதிர்வெண்ணை வெட்டும் வடிகட்டி) போடும் வேலைக்கு பாசிவை விடச் சிறந்தது எதுவும் இல்லை. பவர்டு சப்-வூஃபரில் லோ-பாஸ் (உயர் அதிர்வெண்ணை வெட்டும் வடிகட்டி) ஏற்கெனவே உள்ளே இருக்கும். பிரதான ஆம்புக்குப் போகும் சிக்னலில் மட்டும் அடி பாஸை வெட்டினால் போதும். (ஏவி ரிசீவர் வைத்திருப்பவர்களுக்கு இதுவும் தேவையில்லை, அதற்குள்ளேயே இருக்கிறது.)

ஆம்ப் உள்ளீடு 47 கிலோ ஓம் என்றால் வெறும் 39 நானோ ஃபாரட்டைத் தொடராகப் போட்டாலே சுமார் 87 ஹெர்ட்ஸ் வரும். ஆனால் அப்படிப் போட்டால் ஆம்பின் இம்பீடன்ஸ் கொஞ்சம் விலகினாலும் கட்-ஆஃப் அதோடு விலகும்; இடது வலது சேனல்கள் வேறுபடும். அதனால் ஆம்ப் உள்ளீட்டுக்குக் குறுக்கே 10 கிலோ ஓம் ஒன்றை வையுங்கள். இது பத்தில் ஒரு பங்கைத் தாண்டுகிறது, ஆனால் ஆம்பின் இம்பீடன்ஸையும் கணக்கில் சேர்த்துவிடுவதால் பாதகமில்லை: இரண்டும் சேர்ந்து 8.25 கிலோ ஓம். 220 நானோ ஃபாரட் போட்டால் 88 ஹெர்ட்ஸ். இப்போது ஆம்பின் 47 உண்மையில் 40 ஆக இருந்தாலும் கட்-ஆஃப் 3 சதவீதம்தான் நகரும். 40 ஹெர்ட்ஸில் 7 டெசிபலுக்கு மேல் குறைகிறது. ஐந்து அங்குல வூஃபரின் கோன் முன்னும் பின்னும் துடிப்பது கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு அடங்கிவிடும்.

ஸ்டீரியோவுக்கு இரண்டு கெபாசிட்டர், இரண்டு ரெசிஸ்டர். பவர் சப்ளை இல்லை, ஹம் இல்லை, கெட்டுப்போக எதுவும் இல்லை. பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் ஃபிலிம் வகை எடுங்கள். எக்ஸ்7ஆர் என்று குறித்த பீங்கான் கெபாசிட்டரை இங்கே வைக்காதீர்கள். அதன் மதிப்பு அதன் மேல் இருக்கும் வோல்ட்டேஜுக்கு ஏற்ப மாறும், கட்-ஆஃப் பகுதியில் அது டிஸ்டார்ஷனாக வெளிப்படும். சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் பெட்டிக் கெபாசிட்டர்கள் பெரும்பாலும் 5 சதவீதமோ 10 சதவீதமோ விலகல் உள்ளவை; பத்து வாங்கி மீட்டரில் அளந்து ஜோடி சேர்த்தால் இரண்டு சேனலும் ஒத்துப்போகும். பெட்டியை ஆம்ப் பக்கத்திலேயே வையுங்கள், அதற்குப் பிறகு வரும் வயர் ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம். வடிகட்டிக்குப் பின்னால் இம்பீடன்ஸ் அதிகம் என்பதால் நீள வயர் 50 ஹெர்ட்ஸ் ஹம்மைப் பிடித்துக்கொள்ளும்.

பாசிவ் திணறும் இடம்

இனி கடினமான வழக்கு. ஆறரை அங்குல வூஃபர், ஓர் அங்குல டோம் ட்வீட்டர், நடுவே 2,400 ஹெர்ட்ஸ் பக்கம் பிரிக்க வேண்டும். பாசிவில் இரண்டு படி, அதாவது ஆக்டேவுக்கு (அதிர்வெண் இரட்டிக்கும் ஒவ்வொரு முறைக்கும்) 12 டெசிபல் எடுக்கலாம். லோ-பாஸுக்கு: 1 கிலோ ஓம் தொடர், 68 நானோ ஃபாரட் கிரவுண்டுக்கு, பிறகு 10 கிலோ ஓம் தொடர், 6.8 நானோ ஃபாரட் கிரவுண்டுக்கு. ஹை-பாஸுக்கு இடம் மாற்றி: 68 நானோ தொடர், 1 கிலோ கிரவுண்டுக்கு, 6.8 நானோ தொடர், கடைசியில் 12 கிலோ கிரவுண்டுக்கு. அந்த 12, ஆம்பின் 47 கிலோவோடு இணைந்து 9.6 ஆகிவிடும். ஒவ்வொரு படியும் ஏறத்தாழ 2,340 ஹெர்ட்ஸ்.

இரண்டாவது படியைப் பத்து மடங்கு உயர்த்தியதற்குக் காரணம் உண்டு. இரண்டு படிக்கும் ஒரே மதிப்பு போட்டால் இரண்டாவது படி முதல் படியை இழுத்துப் பிடிக்கும். வடிகட்டியின் க்யூ (கட்-ஆஃப் மூலையின் கூர்மை) 0.33 ஆகி, கட்-ஆஃபில் 6 டெசிபலுக்குப் பதில் 9.5 டெசிபல் விழும், இரு டிரைவர்களும் சந்திக்கும் இடத்தில் பள்ளம். பத்து மடங்கு உயர்த்தினால் க்யூ 0.476. இரு கிளைகளும் சமமாகச் சேரும் லிங்க்விட்ஸ்-ரைலி வகையின் இரண்டாம் நிலைக்கு (12 டெசிபல் சரிவு) தேவையான 0.5-க்கு மிக அருகில்.

தாளில் அழகாக இருக்கிறது. இப்போது நிஜக் கருவிகளை மாட்டிப் பாருங்கள். வூஃபர் பக்கம் 11 கிலோ ஓம் தொடராக நிற்பதால் 47 கிலோ ஆம்பில் 1.8 டெசிபல் இழப்பு. ட்வீட்டர் பக்கம் அந்த இழப்பு இல்லை. 15 கிலோ ஆம்பாக இருந்தால் வூஃபர் பக்க இழப்பு 4.8 டெசிபல், கட்-ஆஃபும் மேலே நகரும். முன்னால் இருக்கும் கருவிக்கோ, உயர் அதிர்வெண்களில் இரண்டு கிளையும் சேர்ந்து 500 ஓமுக்கும் கீழான சுமையாகத் தெரியும். 1 கிலோ ஓம் வெளியீடு உள்ள வால்வு ப்ரீஆம்ப் என்றால் முதல் படியின் கட்-ஆஃப் 2,340-லிருந்து ஏறத்தாழப் பாதியாக, 1,170-க்கு இறங்கிவிடும். ட்வீட்டருக்கு 10 டெசிபல் வரை இழப்பு வேறு.

எல்லாவற்றையும் விட மோசம், வெறும் 10 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டரை வால்யூமாக வைத்து அதன் பின்னால் இந்த வடிகட்டியை மாட்டுவது. அந்தப் பொட்டின் வெளியீட்டு இம்பீடன்ஸ் பூஜ்யத்திலிருந்து 2.5 கிலோ ஓம் வரை குமிழின் நிலைக்கு ஏற்ப மாறும். ஒலியைக் கூட்டிக் குறைக்கும்போதெல்லாம் கிராஸ்ஓவர் அதிர்வெண்ணும் கூடவே நகரும். வால்யூமை மாற்றினால் குரலின் தன்மையே மாறுகிறது என்று குழம்புபவர்கள் முதலில் இங்கே பார்க்க வேண்டும்.

இதற்கெல்லாம் மருந்து முன்னால் ஒரு பஃபர் (கருவியின் இம்பீடன்ஸ் வடிகட்டியைப் பாதிக்காமல் தடுக்கும் ஓப்-ஆம்ப் படி) வைப்பது. பஃபர் வைத்தால் பவர் சப்ளை வந்துவிட்டது, ஓப்-ஆம்ப் வந்துவிட்டது. அப்புறம் பாசிவ் என்று சொல்லிக்கொள்வதில் என்ன லாபம்? கூடவே ஒவ்வொரு கிளைக்கும் இன்னும் இரண்டு ஓப்-ஆம்ப் போட்டால் 24 டெசிபல் சரிவே கிடைக்கும்.

அந்தச் சரிவு வெறும் அலங்காரம் இல்லை. அலுமினியக் கோன் வூஃபர் 6,000 ஹெர்ட்ஸில் கோன் முறிவு ஒத்ததிர்வால் 10 டெசிபல் எகிறுகிறது என்று கொள்வோம். மேலே சொன்ன பாசிவ் வடிகட்டி அங்கே சுமார் 17.6 டெசிபல் குறைக்கும். எகிறலைக் கழித்தால் மிச்சம் 7.6 தான், காது அதைத் தகர ஒலியாகப் பிடித்துவிடும். நான்காம் நிலை (24 டெசிபல் சரிவு) ஆக்டிவ் 32 டெசிபல் குறைக்கும்; மிச்சம் 22. ட்வீட்டர் பக்கமும் அதே கதை. அதன் ஒத்ததிர்வு 800 ஹெர்ட்ஸ் என்றால் அங்கே பாசிவ் தருவது 19.6 டெசிபல், ஆக்டிவ் 38. பவரில் சொன்னால் நூறில் ஒரு பங்கு எங்கே, ஆறாயிரத்தில் ஒரு பங்கு எங்கே.

காகிதக் கோன் வூஃபர் 6,000 வரை தானாகவே மெல்ல இறங்கிவிடுகிறது, ட்வீட்டரும் உறுதியானது என்றால் 12 டெசிபல் சரிவு போதுமானதே. டிரைவரின் இயல்பான இறக்கமும் வடிகட்டியின் இறக்கமும் சேர்ந்துதான் அறையில் கேட்கும் சரிவு. அப்படி அமைந்த டிரைவர்கள் கையில் இருந்து, 50 ஓமுக்குள் வெளியீடு உள்ள டிஏசியும் இருந்தால் பாசிவைத் தயங்காமல் எடுக்கலாம்.

ஆக்டிவ்: ஒரே மதிப்பில் முழு கிராஸ்ஓவர்

சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ் 1976-இல் வெளியிட்ட அமைப்புதான் இன்றும் அடித்தளம்: இரண்டு பட்டர்வொர்த் படிகளை (ஒவ்வொன்றும் 12 டெசிபல் சரிவு தரும் வடிகட்டி வகை) அடுத்தடுத்து வைப்பது. கட்-ஆஃபில் இரு கிளைகளும் 6 டெசிபல் இறங்கி, ஒரே ஃபேஸில் (அலைகள் ஒன்றாக ஏறி இறங்கி) சேர்ந்து, கூட்டுத்தொகை சமமாக நிற்கும்.

இதைக் கட்ட 4.7 கிலோ ஓம், 10 நானோ ஃபாரட் என்ற இரண்டே மதிப்புகள் போதும். லோ-பாஸின் ஒவ்வொரு படியிலும் இரண்டு 4.7 கிலோ, கிரவுண்டுக்கு ஒரு 10 நானோ, ஃபீட்பேக் கெபாசிட்டர் இரட்டிப்பாக வேண்டும் என்பதால் இரண்டு 10 நானோவை இணையாக. ஹை-பாஸில் தலைகீழ்: இரண்டு 10 நானோ, ஃபீட்பேக்குக்கு ஒரு 4.7 கிலோ, கிரவுண்டுக்கு இரண்டு 4.7 கிலோவைத் தொடராக. கட்-ஆஃப் 2,394 ஹெர்ட்ஸ். ஒரு சேனலுக்கு இரண்டு லோ-பாஸ் படி, இரண்டு ஹை-பாஸ் படி. ஆகப் பத்து ரெசிஸ்டர், பத்து கெபாசிட்டர். ஸ்டீரியோவுக்கு இருபது, இருபது. ஒரே மதிப்பை மொத்தமாக வாங்கி அளந்து பொறுக்குவதால் துல்லியம் தானாக வந்துவிடும். இன்புட் பஃபரையும் சேர்த்து ஒரு சேனலுக்கு ஐந்து ஓப்-ஆம்ப், மொத்தம் ஐந்து இரட்டை ஐசி. என்இ5532 போதும். டிஎல்072-உம் ஓடும், ஆனால் அதன் இரைச்சல் மூன்று மடங்குக்கு மேல். ட்வீட்டர் நேராக ஆம்பில் தொங்கும்போது அந்த "ஸ்ஸ்" பக்கத்தில் போனால் கேட்கும்.

ஆக்டிவ் கெட்டுப்போவது பெரும்பாலும் வடிகட்டியில் அல்ல, பவர் சப்ளையில்தான். 12-0-12 டிரான்ஸ்ஃபார்மரை 7815-க்கு (15 வோல்ட் ரெகுலேட்டர் ஐசி) மாட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு. 12 வோல்ட் ஏசி, டயோடைக் கடந்து டிசி ஆகும்போது பதினைந்தரைக்குத்தான் வரும். 7815-க்கு உள்ளீடு 17-க்கு மேல் வேண்டும். மாலையில் வீட்டு மின்சாரம் கொஞ்சம் இறங்கியதும் ரெகுலேட்டர் கைவிட்டு 100 ஹெர்ட்ஸ் ஹம் கிளம்பும். 15-0-15 எடுங்கள். மைனஸ் லைனுக்கான 7915-இன் கால்கள் 7815 போல இல்லை: முதல் கால் கிரவுண்டு, நடுக்கால் உள்ளீடு. அதன் உலோக முதுகும் அந்த உள்ளீட்டோடு இணைந்தது. மின்காப்பு மைக்கா தகடு இல்லாமல் பெட்டியில் முடுக்கினால் மைனஸ் லைன் ஷார்ட். ஒவ்வொரு ஐசியின் சப்ளைக் கால்களுக்கு அருகிலும் 100 நானோ ஃபாரட், ஒவ்வொரு வெளியீட்டிலும் தொடராக 100 ஓம். இந்த 100 ஓமை விட்டுவிட்டால் கேபிளின் கெபாசிட்டன்ஸால் ஓப்-ஆம்ப் ஊசலாடத் தொடங்கும், காதுக்குக் கேட்காது, ட்வீட்டர் மட்டும் காரணமில்லாமல் சூடாகும்.

லெவலைச் சரிசெய்வதிலும் ஆக்டிவ் கைகொடுக்கும். வூஃபர் 87, ட்வீட்டர் 91 டெசிபல் என்றால் ட்வீட்டரை 4 டெசிபல் இறக்க வேண்டும். அந்த இறக்கத்தைக் கிராஸ்ஓவருக்குள் செய்வதைவிட ஆம்ப் உள்ளீட்டில் செய்வது நல்லது. சிக்னலோடு கிராஸ்ஓவரின் இரைச்சலும் சேர்ந்து இறங்கும். பாஃபில் இழப்பை (பெட்டியின் முகப்பைவிட நீண்ட அலைகள் பின்பக்கம் சுற்றிப்போவதால் தாழ் ஒலி குறைவது) ஈடுசெய்வதும் இங்கே ஒரு கூடுதல் படிதான். 20 சென்டிமீட்டர் அகலப் பெட்டிக்கு அது 575 ஹெர்ட்ஸ் சுற்றி அமையும். பாசிவில் இதையே செய்தால் ஏற்கெனவே இருக்கும் இழப்போடு இன்னும் 6 டெசிபல் போகும்.

டிஎஸ்பி (டிஜிட்டலாகவே வடிகட்டும் செயலி) பற்றி ஒரு வார்த்தை. ட்வீட்டரின் ஒலி மையம் வூஃபருடையதைவிட 25 மில்லிமீட்டர் முன்னால் இருந்தால் 2,400 ஹெர்ட்ஸில் அது 63 டிகிரி ஃபேஸ் வித்தியாசம். பாசிவில் இதற்கு நடைமுறை வழி இல்லை. அனலாக் ஆக்டிவில் ஆல்-பாஸ் படிகள் (ஒலியளவை மாற்றாமல் ஃபேஸை மட்டும் மாற்றுபவை) வேண்டும், ஒன்று போதாது. மினிடிஎஸ்பி போன்ற பெட்டியில் 0.073 மில்லிசெகண்ட் என்று தட்டினால் முடிந்தது. மைக் வைத்து அளந்து திரும்பத் திரும்ப மாற்றப் போகிறவர்கள் சோல்டரிங் இரும்பைத் தொடாமல் அங்கேயே போய்விடலாம். மதிப்புகள் உறுதியான பிறகு அனலாகில் கட்டிக்கொள்ளவும் தடையில்லை.

ஆக, சப்-வூஃபரோடு சேர்க்க ஒரு ஹை-பாஸ் மட்டும் வேண்டுமென்றால் பாசிவ். மேலே சொன்ன காகிதக் கோன் விதிவிலக்கைத் தவிர, 2,000 ஹெர்ட்ஸுக்கு மேல் டூ-வே பிரிப்பு, உலோகக் கோன், அல்லது வெளியீட்டு இம்பீடன்ஸ் தெரியாத ப்ரீஆம்ப் என்றால் ஆக்டிவ்.

எதை எடுத்தாலும் ட்வீட்டரைக் கடைசியில் மாட்டுங்கள்

லைன் லெவலுக்கு மாறியதும் ட்வீட்டருக்கு முன்னால் இருந்த கெபாசிட்டர் காணாமல் போகிறது. ஆம்ப் ஆன் ஆகும்போது வரும் "டப்", ஆம்ப் பழுதானால் வரும் டிசி, இரண்டும் நேராக வாய்ஸ் காயிலுக்குத்தான். 8 ஓம் ட்வீட்டருக்குத் தொடராக 33 மைக்ரோ ஃபாரட் வையுங்கள். கட்-ஆஃப் சுமார் 600 ஹெர்ட்ஸ், கிராஸ்ஓவருக்கு இரண்டு ஆக்டேவ் கீழே என்பதால் ஒலியில் பெரிதாகத் தலையிடாது. ஆன் செய்யும்போது கிராஸ்ஓவர் முதலில், பத்து விநாடி கழித்து ஆம்ப். அணைக்கும்போது ஆம்ப் முதலில். கேபிள்களின் இரு முனையிலும் பெயர் ஒட்டுங்கள். வூஃபர் சேனலின் கேபிள் ட்வீட்டர் ஆம்புக்குப் போய்விட்டால் முதல் பாஸ் அடியிலேயே டோம் போய்விடும். முதல் சோதனைக்கு ட்வீட்டர் இடத்தில் ஏதாவது பழைய ஸ்பீக்கரை மாட்டி, அதில் பாஸ் வரவில்லை என்பதைக் காதால் உறுதி செய்யுங்கள். மல்டிமீட்டரை டிசி-யில் வைத்து ஆம்ப் வெளியீட்டில் சில பத்து மில்லிவோல்ட்டுக்கு மேல் இல்லை என்பதையும் பாருங்கள்.

கடைசியாக போலாரிட்டி. நான்காம் நிலை ஆக்டிவில் இரு டிரைவர்களும் ஒரே திசையில் இணைய வேண்டும்; இரண்டாம் நிலை பாசிவில் ட்வீட்டரைத் திருப்பி மாட்ட வேண்டும். இது வடிகட்டியின் கணக்கு; டிரைவர்களின் சொந்த ஃபேஸ் இதைக் குழப்பலாம், அதனால் அளந்தே பாருங்கள். ஒரு மீட்டர் தூரத்தில், இரு டிரைவருக்கும் நடு உயரத்தில் மைக்கை வைத்து, ஆர்இடபிள்யூ என்ற ஒலி அளவீட்டு மென்பொருளில் ஒரு ஸ்வீப் (தாழ்விலிருந்து உயர்வு வரை ஏறும் டோன்) ஓட்டுங்கள். பிறகு ட்வீட்டரின் இரண்டு வயரை மாற்றி இன்னொரு ஸ்வீப். எந்த இணைப்பில் 2,400 பக்கம் 20 டெசிபலுக்கு மேல் ஆழமான, இருபுறமும் ஒத்த பள்ளம் விழுகிறதோ அது தவறான திசை. அதை மறுபடி மாற்றி வைத்தால் வேலை முடிந்தது. இரண்டு இணைப்பிலும் பாதிப் பள்ளமாகவே விழுந்தால் ஃபேஸ் 90 டிகிரிக்கு அருகில் நிற்கிறது என்று பொருள். கெபாசிட்டர் மதிப்புகளை மாற்றும் முன் ட்வீட்டர் எத்தனை மில்லிமீட்டர் முன்னால் இருக்கிறது என்று அளந்து பாருங்கள்.